சொத்து வரி ரசீதில் ஒரு வரி



இந்த அரையாண்டுக்கான சொத்து வரியை எல்லோரும் கட்டியிருப்பீர்கள். கட்டாதவர்கள் சீக்கிரம் கட்டிவிடுங்கள், அது வேறு விஷயம். கட்டியவர்கள் ரசீதை ஃபைலில் செருகும் முன் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். சொத்து வரித் தொகைக்குப் பக்கத்திலேயே ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. நாற்பது வருஷம் வவுச்சர் பார்த்த கண் என்பதால் எனக்கு இது முதலிலேயே பட்டது. லிஃப்ட் அருகில் நாலைந்து பேரிடம் கேட்டேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருவர், “நான் எந்த லைப்ரரியிலும் மெம்பர் இல்லையே சார், எனக்கு எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் சொத்து வரி என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூலக வரி 200. இப்படி 50 வீடு இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். பத்து ஆண்டில் ஒரு லட்சம். பராமரிப்புக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூட்டினால் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க விவாதம் நடக்கிறது. இந்தப் பணத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. எதற்காக வாங்குகிறார்கள், யார் தொடங்கியது என்று தேடிப் போனால் கதையின் பெரும்பகுதி நம் தஞ்சைச் சீமையிலேயே நடந்திருக்கிறது. சுவாமிமலையில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

இந்தப் பக்கத்தில் நூலகம் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது தஞ்சாவூர் சரஸ்வதி மகால். நாயக்க மன்னர்கள் காலத்தில் அரண்மனைக்குள் தொடங்கியது. மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) அதைப் பெருக்கினார். காசி யாத்திரை போன இடத்திலும் சுவடிகளைத் திரட்டியவர் அவர். ஐரோப்பிய நூல்களை ஆயிரக்கணக்கில் வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார். இன்று அங்கே 40,000க்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. பெரும்பான்மை சமஸ்கிருதம், தமிழ்ச் சுவடிகள் 3,000க்கு மேல். அரண்மனை வைத்தியர்கள் பரிசோதித்த மருந்து முறைகள் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று பாட்டாகத் தொகுக்கப்பட்டு, பிற்காலத்தில் நோய்வாரியாகப் புத்தகங்களாகவும் அச்சாகின.

ஆனால் சரபோஜி காலத்தில் ஒரு சாதாரணக் குடியானவர் அங்கே போய் ஒரு சுவடியைப் பிரித்துப் பார்த்திருக்க முடியுமா? அது அரசரின் சொத்து. 1855இல் கடைசி மன்னர் வாரிசின்றி இறந்து ராஜ்யமே கும்பினியாரிடம் போன பிறகு, நூலகமும் மற்ற சொத்துகளோடு உரிமைப் பேச்சில் மாட்டிக்கொண்டது. பொது மக்களுக்கான நூலகமாக அது மாறியது 1918இல்தான். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நல்ல அரசர் கட்டிய நூலகத்துக்கே இந்தக் கதி என்றால் வீட்டுப் பரணில் இருந்த சுவடிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பரண்களைத் தேடித் தேடி அலைந்தவரும் நம் பக்கத்துக்காரர்தான். பாபநாசம் அருகே உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த வருஷமே, கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார். முதலியாருக்கு அவை பெரிதாகப் படவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் பார்த்ததுண்டா என்று திருப்பிக் கேட்டார். இல்லை. பெரிய வித்துவானிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவருக்கே அந்த நூல்கள் கையில் கிடைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1887இல் சிந்தாமணி அச்சாகியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. திருவாவடுதுறை மடத்தில் சுவடிகளை ஒழுங்காக வைத்திருந்தார்கள், அதனால் அங்கே கிடைத்தது. வேறு பல இடங்களில் செல்லரித்தும், தீயில் போட்டும், ஆற்றில் விட்டும் போயிருந்ததை ஐயரே எழுதியிருக்கிறார். தெருவுக்கு ஒரு சுவடிப்பெட்டி இருந்தும், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. எங்களுக்கெல்லாம் கணக்குப்பதிவில் முதல் பாடமே அதுதான்: இருப்பு மட்டும் போதாது, பேரேட்டில் ஏற வேண்டும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் இன்னொரு தஞ்சை மாவட்டக்காரர் வருகிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். (சீர்காழி அப்போது தஞ்சை மாவட்டம். இன்று மயிலாடுதுறை மாவட்டம் என்று சண்டைக்கு வராதீர்கள்.) கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். போன சில நாட்களிலேயே அலுத்துவிட்டது. யாரும் வராத இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, என்னைப் பழையபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டன் போய் நூலகப் பயிற்சி எடுத்துப் பாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

அங்கே அவர் கண்டது வேறு உலகம். நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். குரோய்டன் என்ற ஊர் நூலகத்தில் வேலையும் பழகினார். குழந்தைகளும், வேலைக்குப் போகிற சாதாரண ஆட்களும் வந்து அவர்களே அலமாரியில் தேடிப் புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். அந்த நூலகங்களை நடத்தியது எந்தப் பிரபுவின் தர்மமும் இல்லை, ஊர் வரி. இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுச் சட்டம், சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி நூலகத்துக்கென்று வசூலிக்க நகரங்களை அனுமதித்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் வருஷா வருஷம் வரும். அரசர் செத்தாலும் வரும்.

1925இல் திரும்பி வந்தவர் வகுப்புக்குப் போகவே இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களை அலமாரி வரை உள்ளே விட்டார். அந்தக் காலத்தில் இது பெரிய தைரியம். புத்தகம் காணாமல் போகும் என்ற பயத்தில் பூட்டி வைப்பதுதான் வழக்கம். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1931இல் அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ வெளிவந்தது. லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை விதவிதமாகச் சேர்த்துக் காட்டியதைப் பார்த்துத்தான், எந்தப் பொருளைப் பற்றிய நூலானாலும் கூறுகளைச் சேர்த்து எண் கொடுக்கும் கோலன் பகுப்புமுறை அவருக்குத் தோன்றியதாம். 1933இல் வெளியான அந்த முறையை இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். நம் கதைக்கு அதைவிட முக்கியமானது ஒரு மாட்டு வண்டி.

மன்னார்குடி பக்கம் மேலவாசல் என்ற ஊர். அங்கே எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் இருந்தார். கிராமத்து ஜனங்கள் நூலகத்தைத் தேடி வர முடியாவிட்டால் நூலகம் அவர்களைத் தேடிப் போகட்டும் என்று, ஒரு வண்டியில் புத்தகங்களை அடுக்கி மாடு பூட்டினார். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி ரங்கநாதன் வந்து அதைத் தொடங்கிவைத்தார். சாமிநாதையர் முன்சீப்பைப் போய்ப் பார்த்ததும் 1880இல் இதே அக்டோபர் 21தான். தற்செயல்தான், தேதி பார்க்கும் பழக்கம் எனக்கு விடவில்லை.

1931இல் நம் டெல்டா கிராமங்களை நினைத்துப் பாருங்கள். நடவும் அறுப்பும் போக மீதி நேரம் திண்ணையில். படித்தவர் ஊருக்குச் சிலர். மழைக்காலத்தில் மண் ரோடு சேறு. பத்திரிகை ஒன்று ஊருக்குள் வந்தால் ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம். நெல் மூட்டை போகிற அதே மாதிரி வண்டியில் புத்தகம் வந்து இறங்கினால் எப்படி இருந்திருக்கும்? பரோடா சமஸ்தானத்தில் மன்னர் சாயாஜிராவ் இதற்கு முன்பே பெட்டிகளில் புத்தகம் வைத்துக் கிராமங்களுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே அரசர் செய்ததை இங்கே ஒரு தனி மனிதர் தம் முயற்சியால் செய்தார். அதுதான் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் தனி மனிதரின் முயற்சிக்கும் ஆயுள் உண்டு. வண்டிக்கு மாடு வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும், புதுப் புத்தகம் வேண்டும். ரங்கநாதனுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. 1930லேயே ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதி வைத்திருந்தார். 1933இல் பஷீர் அகமது சயீத் அதைச் சென்னைச் சட்டசபைக்குக் கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. புது வரி என்றால் அன்றும் இன்றும் ஒரே முகச்சுளிப்புதான்.

சுதந்திரம் வந்த பிறகு, கல்வி அமைச்சர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நாம்தான். 1950 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கு வருமானமாகச் சொத்து வரியில் ரூபாய்க்கு அரையணா. இங்கிலாந்தில் அரைப் பென்னி, இங்கே அரையணா. அந்த அரையணாதான் வளர்ந்து இன்று உங்கள் ரசீதில் 10 பைசாவாக நிற்கிறது. தமிழ்நாட்டில் இன்று 4,000க்கும் அதிகமான பொது நூலகங்கள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பல வகை. இவற்றின் மாத வாடகை, பத்திரிகைச் சந்தா, புத்தகக் கொள்முதல் எல்லாவற்றிலும் அந்தப் பைசாக்கள் இருக்கின்றன.

இதனால் யார் முன்னேறினார்கள் என்று கேட்பீர்கள். என்னையே சொல்லலாம். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வங்கி எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வாங்க வசதி கிடையாது. வழிகாட்டிப் புத்தகம் ஒன்றின் விலையில் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். கிளை நூலகத்தில் காலையில் கதவு திறக்கும்போது நானும் இன்னும் மூன்று பேரும் வாசலில் நிற்போம். ஒரு பேப்பரை நாலு பக்கமாகப் பிரித்துக்கொண்டு படிப்போம். நூலகர் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார். அந்த நால்வரில் மூன்று பேருக்கு அரசு அல்லது வங்கி வேலை கிடைத்தது. நான்காமவர் சொந்தமாக உரக்கடை வைத்து எங்களைவிட நன்றாக இருக்கிறார். என் பென்ஷனின் வேர் அந்த மேசையில் இருக்கிறது. இன்றும் நம் பகுதிக் கிளை நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வீட்டில் தனி அறை இல்லாதவர்கள், டியூஷன் சென்டருக்குப் பணம் கட்ட முடியாதவர்கள். அவர்களுக்கு மின்விசிறியும் அமைதியும் கூடப் பாடப்புத்தகம் மாதிரிதான்.

ரங்கநாதனின் கை கடல் தாண்டியும் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் க.மு. செல்லப்பா என்பவர் 1933இல் தம் வீட்டிலேயே புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்க ஆரம்பித்தார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்தார்கள். அது நகர நூலகமாயிற்று. பெரிய கட்டடம் கட்டத் திட்டமிட்டபோது ஆலோசனைக்கு ரங்கநாதனை அழைத்தார்கள். கட்டட வரைபடம் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் போட்டது. 1959இல் திறப்பு விழா. 1981 மே 31ஆம் தேதி இரவில் தொடங்கி அதைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பல மொழி அறிந்த தாவீது அடிகள் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார் என்று அந்த ஊர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். பிறகு கட்டடத்தை மீண்டும் எழுப்பினார்கள். பல நாடுகளிலிருந்து புத்தகங்கள் வந்தன. வேறு பிரதி இல்லாத சுவடிகள் திரும்பவில்லை. ஒரு ஊரை அடிக்க நினைப்பவனுக்கு நூலகத்தின் மதிப்பு தெரிந்திருக்கிறது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நூலக வரி முறையில் குறைகள் உண்டு. வரி சொத்திலிருந்து வருவதால் கட்டடம் அதிகம் உள்ள மாவட்டத்துக்கு வருமானம் அதிகம், வயலும் குடிசையும் உள்ள பகுதிக்குக் குறைவு. புத்தகம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். இன்னொன்று, உள்ளாட்சி அமைப்புகள் நம்மிடம் வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவுக்கு முழுமையாகச் செலுத்தாமல் பாக்கி வைக்கின்றன என்று அவ்வப்போது செய்தித்தாளில் வரும். வசூல் செய்தவர் வேறு, செலவழிப்பவர் வேறு என்றால் நடுவில் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வரி கட்டுகிற நாம் கேட்கலாம். ஆனால் நூலகத்துக்குள் காலே வைக்காதவர் என்னவென்று கேட்பார்?

சங்கக் கூட்டத்தில் கீழ்த்தள அறையில் ஒரு கண்ணாடி அலமாரி வாங்கிப் போட்டு நமக்கென்று நூலகம் தொடங்கலாம் என்று பேச்சு வந்தது. நல்ல எண்ணம். தொடங்குபவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அலமாரிச் சாவி செயலாளரிடம் இருக்கும், செயலாளர் மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருப்பார். பழைய கணினிப் பாடப் புத்தகங்களும் தீபாவளி மலர்களும் நிறையும். இரண்டாம் வருஷம் அங்கே பெயிண்ட் டப்பா வைப்பார்கள். அதே பணத்தில் நாம் கிளை நூலகத்துக்குப் புரவலராகச் சேரலாம். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர். ஒவ்வொரு கிளையிலும் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. அதில் நம் ஆட்கள் இரண்டு பேர் இருந்தால், எந்தப் புத்தகம் வேண்டும், கூரை எங்கே ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுக்க ஆள் ஆயிற்று. உறுப்பினர் ஆக ஒரு சிறிய முன்பணமும் பெயருக்கு ஓர் ஆண்டுச் சந்தாவும்தான். ஹோட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிடும் பணம்கூட ஆகாது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் தெருவிலேயே ஸ்தபதிகள் மெழுகு பிடித்து விக்கிரகம் வார்க்கிறார்கள். தென்னை ஓலைத் துண்டை மடித்து அளவு எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாள அளவு பற்றிய சிற்ப சாஸ்திர நூல்கள் அச்சில் இருக்கின்றன. பள்ளிப் பிராஜெக்டுக்கு இணையத்தில் படம் மட்டும் எடுத்து ஒட்டாமல், நூலகரிடம் அப்படி ஒரு புத்தகம் வரவழைத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

மாடி ஏற முடியாத பெரியவர்கள் நம் குடியிருப்பில் பலர். நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் மூலம் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘நூலக நண்பர்கள்’ என்ற திட்டத்தை நூலகத் துறை 2022இல் தொடங்கியது. மேலவாசல் வண்டியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் தன்னார்வலராகச் சேர விரும்பும் இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றும் கால் நன்றாக இருப்பவர்கள் கிளை நூலகரிடம் பெயர் கொடுக்கலாம். ஏ பிளாக்கில் புத்தகம் வேண்டுவோர் பட்டியலை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை ஏழு பேர். அதில் இருவர் கல்கி கேட்கிறார்கள், ஒருவர் சித்த மருத்துவம், ஒரு மாமி பெரிய எழுத்தில் அச்சான எதுவானாலும் சரி என்கிறார். பி, சி பிளாக்குகளுக்கு யாராவது பொறுப்பு எடுத்துக்கொண்டால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் பட்டியலை நூலகத்தில் சேர்த்துவிடலாம்.